மூன்று நாளில் கப்பலுக்குள்

றக்வானைக்கு மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கி நிற்கும் தோட்டமொன்றில் பிறந்த சுதர்சனுக்குக் கடல் என்றால் கலண்டர் படம்தான். தண்ணீர் மட்டும் நல்ல பழக்கம். பதினாறு வருஷம் மாணிக்கக் குழியில் வேலை. குழி நிரம்பினால், மூச்சை அடக்கி இறங்கி, பம்ப் குழாயில் அடைத்த சேற்றை எடுப்பவர் அவர்தான்.

மே மாத மழையில் குழி சரிந்தது. அந்நேரம் எல்லாரும் மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள். தேத்தண்ணி காப்பாற்றிய உயிர்கள் இவை. தேயிலையால் போனவற்றைக் கேட்காதீர்கள்.

ஐந்து மாதம் வேலையில்லை. கொழுந்தெடுக்கும் மனைவி அருள்செல்வி வாசலில் நின்று சொன்னாள்: "வேலையோட வாங்க. இல்லாட்டி வராதீங்க."

தென்கரையில் ஒரு படகு முதலாளி, மூழ்கிய கப்பலுக்குள் வெளிநாட்டுக்காரரைக் கூட்டிப்போக ஆள் தேடினார். நவம்பரில் சீசன், அதற்குள் சுழியோடும் பயிற்சி முடித்த அட்டை வேண்டும். அந்தக் கடலோர ஊரில் இரண்டு பயிற்சி. ஒன்று மூன்று நாள். ஷாமிளா நடத்தும் மற்றது பதினெட்டு நாள். அது முடிவதற்குள் முதலாளி வேறு ஆளை எடுத்துவிடுவார்.

"பதினெட்டு நாள் என்னங்க மிஸ் படிக்க இருக்கு?"

"வெளிய வர."

"உள்ள போக?"

"அதுக்கு அரை நாள் போதும்."

"நான் குழி ஆளுங்க. இருட்டு எனக்குச் சொந்தக்காரன் மாதிரி."

"சொந்தக்காரன நம்பித்தான் நெறையப் பேர் கெட்டாங்க" என்றார் ஷாமிளா.

சுதர்சன் மூன்று நாளைத் தேர்ந்தார்.

மூன்றாம் நாள், கப்பலுக்குள் அவர் கால் பட்டுச் சேறு கிளம்பியது. டோர்ச் வெளிச்சம் செத்தது. வாசலில் கட்டிவந்த கயிறு கையில் இருந்தது. கூடப் பயின்ற மற்றவர்கள் அதைத் தடவியே வெளியேறிவிட்டார்கள். குழியிலோ கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் போதும், மேலே நிற்பவர்கள் தூக்கிவிடுவார்கள். சுதர்சன் இரண்டு தரம் இழுத்தார். காத்திருந்தார். மேலே எவனோ வெற்றிலை போடுகிறான் என்று நினைத்து மறுபடி இழுத்தார். சிலிண்டரின் காற்றுமானியைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தபோது முள் சிவப்பில் நின்றது. வெளியே தலை எண்ணிய பயிற்சி மாஸ்டர் திரும்பி வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

"உசுரோட வந்தாச்சே, பாஸ்தான்!" என்று அட்டையும் கொடுத்தார்.

மறுநாள் காலை படகில், அவர் கப்பலுக்குள் கூட்டிப்போக வேண்டிய ஒரு குடும்பம், நாலு பேர். கடைக்குட்டிக்குப் பதினாலு வயது. சுதர்சன் அட்டையை முதலாளியிடம் நீட்டினார்.

"எனக்கு வெளிய வரத் தெரியாதுங்க."

"அதான் அட்டை இருக்கே!"

"அட்டைக்குத் தெரியும் போல. எனக்குத் தெரியலங்க."

பத்து நிமிஷத்தில் இன்னொரு அட்டைக்காரர் ஏறினார். அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே பத்திரமாகத் திரும்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போனது சுதர்சனின் வேலை மட்டும்.

அன்று பின்னேரம் ஷாமிளா அவர் கண்ணைத் துணியால் கட்டி, தென்னைமரங்களுக்கிடையே நூல் கட்டி, மண்ணில் தவழவிட்டார். நேர்த்திக்கடன் என்று நினைத்து இரண்டு வெள்ளைக்காரர்கள் படமெடுத்தார்கள். மூன்றாவது மரத்தில் நெற்றி இடித்த நேரம் போன் அடித்தது.

"வேல?" என்றாள் அருள்செல்வி.

"இல்ல. படிக்கிறேன்."

"இன்னும் எத்தன நாளு?"

"பதினெட்டு."

"அதுக்குப் பொறகாவது கெடைக்குமா?"

"தெரியல, செல்வி."

அவள் போனை வைத்துவிட்டாள். கண்கட்டை அவிழ்க்காமலே அவர் நூலைத் தேடினார்.