மரம் அறிந்த நடை

விடிந்தும் விடியாததுமாக எதிர்வீட்டு அம்மா தன் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, இன்றைக்கு யாருடைய செருப்பு என்று பார்க்கிறார். வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும் ஜோடியை எடுக்கிறார். அப்படியென்றால் தையல்காரர். கால் நுழைந்ததுமே அவருடைய இடது தோள் சற்று இறங்கிவிடுகிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு, வலது காலை அரைவட்டமாக வீசி வீசி, செத்துப்போன தையல்காரர் எங்கள் தெருவில் நடந்து போகிறார்.

எலும்பு முறிந்தவர்களுக்கு நடை பழக்குவது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் என்ன பதவியோ, தெருவுக்கு அவர் நடை டீச்சர். முதுகைக் காட்டிப் போகிறவரைப் பார்த்தே எந்த முழங்கால் தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கும் சொல்லியிருக்கிறார். "அண்ணே, நீங்க தரைய மிதிக்கவே பயப்படுறீங்க. தரை ஒண்ணும் கடிக்காது."

மரம் வைக்கிற யோசனையும் அவருடையதுதான். அப்போதெல்லாம் எங்கள் தெருவில் வெறுங்காலோடு இறங்கினால் கால் பொத்துப்போகும். வாசல் சிமெண்டை உடைத்து வீட்டுக்கு ஒரு மரம் என்றார். காய்கறித் தோல் தெருமுனை உரத்தொட்டியில் மக்க வேண்டும், துணி அலசிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது என்றார். ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார்: யார் நட்டார்களோ அவர்களேதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே உடைத்தோம், நட்டோம். இப்போது மத்தியான வேளையில் பக்கத்துத் தெருக்காரர்கள் சுற்றிக்கொண்டாவது எங்கள் தெரு வழியாகத்தான் போகிறார்கள்.

முதலில் இறந்தவர் தையல்காரர். அவர் மரத்துக்கு நாங்கள் முறை போட்டு ஊற்றினோம். ஒரு வாளி கூடக் குறையவில்லை. ஆனாலும் அது இலையை உதிர்த்துக்கொண்டே இருந்தது. டீச்சர் அந்த வீட்டுக்குப் போய் அவருடைய செருப்பைக் கேட்டு வாங்கி வந்தார். "அது தண்ணிக்கு ஏங்கல. வழக்கமா வர்ற ஆளைத் தேடுது" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அதை மாட்டிக்கொண்டு, தையல்காரர் நடையிலேயே போய்ப் போய் ஊற்றினார்; மரம் துளிர்த்துத் தொலைத்தது. உரம் இப்போதுதான் பிடித்திருக்கும் என்று நான் சொன்ன சமாதானம் என் மனைவியிடம்கூட எடுபடவில்லை.

அதன் பிறகு எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்ததும் செருப்பு அவருடைய படிக்கு அடியில் வந்துவிடுகிறது. "தேஞ்ச ஜோடியா குடுங்க. புதுசுல ஆள் இருக்க மாட்டாங்க" என்பார், கடையில் வெண்டைக்காய் பொறுக்குகிற முகத்தோடு.

ஒரே ஒரு தடவை தப்பாகிவிட்டது. தனியாக இருந்த பஸ் டிரைவர் மகள் வீட்டுக்குப் போனார். நாளாகியும் திரும்பவில்லை, போனும் எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட, தெருவே நம்பியது. அவர் வாசலில் கிடந்த பழைய செருப்பை டீச்சர் மாட்டிக்கொண்டார். ஒரு ராத்திரி மனிதர் முழுசாக வந்து இறங்கினார். மறுநாள் விடியற்காலை ஜன்னலுக்கு வெளியே தன் காலடிச் சத்தத்தைத் தானே கேட்டார்.

என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் தன் காலையே குனிந்து பார்த்தார். "நான் உள்ள படுத்திருக்கேன், நானே வெளிய நடந்து போறேன். எப்படிப்பா இருக்கும்?" அன்று முதல் அவரே ஊற்றினார். மரம் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை, பட்டுப்போனது. அதற்குப் பிறகு அவரும் அதிக நாள் இருக்கவில்லை. வயசாகிவிட்டது என்றோம். டீச்சர்தான் ஆடிப்போனார். "போனது உறுதியா தெரியாம இனிமே யாரோட செருப்பையும் தொட மாட்டேன்."

படிக்கு அடியில், சுவரோரமாக, தனியாக ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ இருக்கும். அவருடைய ஒரே மகனுடையது. கப்பலில் மெக்கானிக். லீவில் வந்தால் குதிகால் தரையில் படாமல் துள்ளித் துள்ளிப் போய்த் தன் மாதுளைக்கு ஊற்றுவான். முடித்ததும் வாளியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டுவான். பிறகு என் ஜன்னலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவான். தூக்கம் போச்சா மாமா என்று அர்த்தம்.

அந்தக் கப்பலைப் பற்றித் திடீரென்று தகவல் நின்றுபோனது. தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி பிறகு அதையும் சொல்லவில்லை. மாதுளை நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. டீச்சர் தன் செருப்போடு, தன் நடையிலேயே அதற்கு ஊற்றினார். தெருவில் அத்தனை பேரும் காலையில் திரையை விலக்கி அவர் காலைத்தான் பார்த்தோம். ஷூ படிக்கு அடியிலேயே இருந்தால் எனக்கு அன்றைய பொழுது நிம்மதியாகப் போகும்.

"மரம் போயிடும் போல இருக்கேம்மா" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஷூவப் போட்டா பிழைச்சிடும்ணே." காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "அவன் எங்கயாச்சும் உசுரோட இருந்தான்னா?"

போன வாரம் ஒரு மாலை, கம்பெனி சட்டை போட்ட இரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள். நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் அரைத் தூக்கத்தில் கேட்டது. குதிகால் படாத நடை. துள்ளித் துள்ளி மாதுளைப் பக்கம் போகிறது. வந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவியை எழுப்பக்கூடத் தோன்றாமல் ஜன்னலுக்கு ஓடினேன்.

மரத்தடியில் டீச்சர் நின்றிருந்தார். காலில் அந்த ஷூ, கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. என் முகத்தில் இருந்த சிரிப்பை அவர் பார்த்துவிட்டார். அதை அணைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் வாளியைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.