தாசில்தார் கோபித்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை

டிவியில் வரும் மல்யுத்தத்தில் ஒருவரையொருவர் நிஜமாகவே அடித்துக்கொள்கிறார்கள் என்று என் இருபத்தாறாவது வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணின் தம்பியோடு அதற்காக வாதாடினேன். கழுத்தை எப்படி மடக்குவார்கள் என்று என் பெரியப்பாவின் கழுத்தை வைத்தே விளக்கியும் காட்டினேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். அவர்கள் ஜாதகமே கேட்கவில்லை.

போன மாதம் என் மகன் அந்தக் காலத்து ஆட்டம் ஒன்றைச் செல்போனில் தேடி எடுத்துக் கொடுத்தான். சின்ன வயதில் பாதி பார்த்து, மீதி பார்க்கக் கொடுத்துவைக்காத ஆட்டம். மலை மாதிரி மனதில் நின்ற ஆட்கள் எல்லாம் கையளவு திரையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் 'தாசில்தார்' என்று பெயர் வைத்திருந்தவனின் தொப்பையைப் பார்த்து அசந்துபோனேன். இவ்வளவுதானா? இப்போது என்னுடையது அதைவிட நன்றாக இருக்கிறது.

பெயர் வைத்தது நானும் மாமாவும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். திருக்கோகர்ணத்தில் வீடு, புதுக்கோட்டையில் பாத்திரக்கடை. எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டுக்கு நடுவே. எங்கள் வீட்டு டிவியில் அரசாங்கச் சேனல் ஒன்றுதான் வரும், அதுவும் காற்று அடிக்காமல் இருந்தால். மாமா வீட்டில் கேபிள் இருந்தது. லீவு விட்டால் நான் அங்கே போய்விடுவேன். சாப்பாட்டுத் தட்டோடு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். வர்ணனை இங்கிலீஷில் ஓடும். எனக்கும் புரியாது, மாமாவுக்கும் புரியாது. அதனால் பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். மஞ்சள் முடியைத் தோளில் தொங்கவிட்டவன் மக்காச்சோளம். ஜீப்பிலிருந்து இறங்கி வருகிற மாதிரி யாரையும் பார்க்காமல், தொப்பையை முன்னால் விட்டு நடந்துவருகிறவன் தாசில்தார்.

வாராவாரம் வருகிற ஆட்டத்தில் இவர்கள் அதிகம் அடித்துக்கொள்ள மாட்டார்கள். மைக்கைப் பிடித்துத் திட்டுவார்கள், முறைப்பார்கள், பின்னால் வந்து நாற்காலியால் ஒன்று போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் சேர்ந்த பகையெல்லாம் ஒரு பெரிய ஆட்டத்தில் தீரும். அந்த ஒரு ஆட்டத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். கேபிள்காரர் சொன்னார்.

"சண்டையப் பாக்கக் காசா?" என்றார் மாமா. "நம்ம தெருக்குழாயடியில தெனமும் சும்மாதான நடக்குது?"

அப்படிச் சொன்னவர்தான் அந்தப் பெரிய ஆட்டம் எப்போது இங்கே வரும் என்று கேபிள்காரரை நச்சரித்துத் தெரிந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். ஜென்மம் எடுத்ததே இதற்குத்தான் என்று தோன்றியது. அப்புறம்தான் தெரிந்தது, அதே ஞாயிற்றுக்கிழமை என் தங்கைக்குக் காதுகுத்து. எங்கள் குலதெய்வக் கோயிலில், பதினொன்றே முக்காலுக்குள். அதற்குப் பிறகு எமகண்டம்.

தேதியை மாற்றச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். என்ன கிடைத்தது என்று எழுத வேண்டாம்.

ஞாயிறு காலை முந்திரிக்காட்டுக்குள் பந்தல், மைக்செட், அடுப்பில் குழம்பு என்று எல்லாம் அமர்க்களமாகத்தான் இருந்தது. மாமாவும் அத்தையும் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார்கள். பட்டுப்பாவாடை, வளையல், கடைசி ஆளும் முகம் பார்த்துக்கொள்கிற மாதிரி மின்னுகிற பித்தளை அண்டா. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். அப்போது மைக்செட்காரர் சீர் விவரம் வாசிக்க ஆரம்பித்தார். முதலில் அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பா கொடுத்த கிடாயைச் சொன்னார். அதன் பிறகுதான் மாமாவின் பேர் வந்தது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆட்டுக்குப் பின்னாலயா என் பேரு? அந்தக் கெடா மடியிலயே ஒக்காரவச்சுக் காதக் குத்திக்கங்க. நான் வாரேன்."

விறுவிறு என்று ரோட்டைப் பார்த்து நடந்தார். அம்மா "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். அத்தை மட்டும் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கோபித்துக்கொள்ளாமல் ஒரு விசேஷம் முடிந்துவிட்டால், விசேஷம் சப்பென்று இருந்தது என்பார்கள். இதற்கு ஒரு முறை உண்டு. போகிறவர் ரொம்ப வேகமாகப் போய்விடக் கூடாது. கூப்பிடப் போகிறவர்கள் ஓடக் கூடாது. ரோட்டோரத்துப் புளியமரத்தடியில் அவர் நின்று வேட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார். நாலு பெரியவர்கள் போய்க் கையைப் பிடிப்பார்கள். அவர் உதறுவார், அவர்கள் மறுபடி பிடிப்பார்கள். மைக்கில் அவர் பேர் இரண்டு தரம் ஒலிக்கும். வந்துவிடுவார். இதெல்லாம் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். மைக்செட்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

நான் பார்த்ததெல்லாம் இதுதான்: மாமா வீட்டுக்குப் போகிறார். வீட்டில் டிவி இருக்கிறது. மணி பத்தரை.

பின்னாலேயே ஓடினேன். மாமா புளியமரத்தடியில் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வேட்டியை அவிழ்த்து, உதறி, நிதானமாகக் கட்டினார். அங்கே பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து புதுக்கோட்டை பஸ் வந்தது. வேகமாகத்தான் வந்தது. மாமா கை காட்டவே இல்லை. பாவம், வருத்தத்தில் பஸ்ஸைக்கூடக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. டிரைவர் என் பரம்பரையையே விசாரித்தார். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுங்க ஏறுங்க, டயமாச்சு" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியப்பாவுக்கு ஒரு செருப்புதான் கிடைத்திருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்பிய மனுஷனுக்காக ஒரு பஸ் நின்று, அதில் உள்ளவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? ஏறினார். நானும் ஏறினேன்.

வழியெல்லாம் மாமா தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாரும் வரலியாடா?"

"யாரும் வரல மாமா. நாம தப்பிச்சுட்டோம்."

கோயிலில் அப்புறம் நடந்ததை அம்மா சொல்லிப் பின்னாளில் கேட்டிருக்கிறேன். பெரியப்பா இரண்டு செருப்பையும் வீசிவிட்டாராம். "புளியமரம் வரைக்கும் போனாக் கோவம். பஸ் ஏறிப் போனாப் பகை. இனி அவரக் கூப்புடறது என் வேல இல்ல. புள்ளைய என் மடியில ஒக்காரவைங்க" என்றாராம். அம்மாவுக்குக் கண் இருட்டிவிட்டது. மாமன் இருக்கும்போது இன்னொருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டால், அவள் பிறந்த வீடு அன்றோடு அவளுக்கு இல்லை. அப்பாதான், மூன்றேகாலுக்கு இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது, அதுவரை பொறுங்கள் என்று சொல்லி எல்லாரையும் உட்காரவைத்திருக்கிறார்.

இங்கே நானும் மாமாவும் டிவியைப் போட்டோம். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார் மாமா.

எவ்வளவு கூட்டம்! ஆளாளுக்கு அட்டையில் எழுதித் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வாணவேடிக்கை எங்கள் தேரோட்டத்தைத் தூக்கிச் சாப்பிட்டது. ஒவ்வொரு சண்டையாக முடிந்து, கடைசியில் மக்காச்சோளமும் தாசில்தாரும் வந்தார்கள். தாசில்தார் முடியைப் பிடித்து இழுத்தான், கண்ணில் விரலைவிட்டான், நடுவர் கேட்டால் நானா என்று கையை விரித்தான். மற்ற நாளாக இருந்தால் மாமா நாற்காலியின் கையை உடைத்திருப்பார். அன்று தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தார்.

திடீரென்று தாசில்தாருக்கும் நடுவருக்கும் வாக்குவாதம். தாசில்தார் கையை உதறிவிட்டு, கயிற்றுக்கு வெளியே இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டான். நடுவர் விரல்விட்டு எண்ணினார். பத்து எண்ணுவதற்குள் திரும்பி வரவில்லை என்றால் தோற்றது தோற்றதுதான். கூட்டம் ஊளையிட்டது.

மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"என்னடா இது! ஒருத்தன் கோவிச்சுக்கிட்டுப் போறான், அம்புட்டுப் பேரும் வேடிக்க பாக்குறானுங்க! எவனாவது போய்க் கூப்புடுங்கடா!"

"போனாப் போறான் மாமா. அவன் வில்லன்."

"வில்லனா இருந்தா? அவனுக்கு மானம் ரோசம் இருக்காதா?"

மாமாவின் கண் கலங்கியிருந்தது. தாசில்தார் மேல் மாமாவுக்கு உள்ளூர இவ்வளவு பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். மாமா பாய்ந்து போய் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் திரும்பி வந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அப்பா. யாருடைய வண்டியையோ இரவல் வாங்கி வந்திருந்தார். தலையெல்லாம் செம்மண். அப்பா அதுவரை யாரையும் போய்க் கூப்பிட்டதில்லை. அதெல்லாம் பெரியப்பாவின் இலாகா. வாசற்படியிலேயே நின்றார்.

"பயலக் காணோம்னு தேடி வந்தேன்."

"இருக்கான். கூட்டிக்கிட்டுப் போங்க மாப்ள" என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா உள்ளே வந்தார். இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். தாசில்தார் பாதி வழியில் இடுப்பில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"யாரு அது?"

"தாசில்தாரு. கோவிச்சுக்கிட்டுப் போறாரு."

"நிக்கிறாருபோல."

"நின்னு என்ன பண்ண? கூப்புட ஆள் வேணுமுல்ல."

அப்பா தலையிலிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரிடா, போவோம்" என்றார்.

நடுவர் ஆறோ ஏழோ எண்ணிவிட்டிருந்தார். நான் இரும்புக் கட்டிலின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "ஆட்டம் முடியட்டும்ப்பா!"

அப்பா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. காலைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. அப்பா நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"முடியல மச்சான். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான். நீங்க சொன்னாத்தான் கேப்பான். நீங்களே கொஞ்சம் கோயில் வரைக்கும் கொண்டாந்து விட்டுருங்க."

மாமா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பயலுக்காகத்தான் வாரேன். வேற எதுக்கும் இல்ல."

"பயலுக்காகத்தான்."

டிவியை அணைத்துவிட்டு, ஒரே கையால் என்னைக் கட்டிலிலிருந்து பிய்த்துத் தோளில் போட்டார் மாமா. பின்னாலிருந்து பிடித்ததால் அது செல்லாது. அதுவரை என் பக்கம் இருந்தவர், ஆட்டத்தின் உச்சத்தில் கட்சி மாறிவிட்டார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு கோயில் வரை அழுதேன்.

மூன்றேகாலுக்கு மாமா மடியில் தங்கைக்குக் காது குத்தினார்கள். அவள் அழுததைவிட மாமா அதிகமாக அழுதார். மைக்கில் அவர் பேர் மூன்று தரம் வந்தது. பெரியப்பாவே எழுதிக் கொடுத்தாராம்.

பந்தியில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆட்டம் போனால் என்ன, அன்று நான் ஒருவரை ஜெயித்திருந்தேன். பக்கத்து இலைப் பையன்களுக்குக் கேட்கிற மாதிரி, எதிரே குழம்பு வாளியோடு வந்த அத்தையிடம் சொன்னேன்:

"அப்பா ரெண்டு கையாலயும் இழுத்தாரு அத்த. என்னைய அசைக்கவே முடியல!"

அத்தை கரண்டியை வாளியிலேயே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடல மூட்டையத் தனியாளா லாரில ஏத்துற மனுசன்டா ஒங்கப்பன். கூறுகெட்டவனே, சோத்தத் தின்னு."