செவலைப் பசுவுக்குப் போட்ட செத்த கிருமி

மக்களே, நம்ம செவலைப் பசுவின் இடது இமையில் இருக்கிற தழும்புக்கு உங்க பெரிய தாத்தா ஊரெல்லாம் ஒரு கதை சொல்லிக்கிட்டு அலையுதாரு. மஞ்சள் தண்ணீர் ஊற்றியே புற்றுக்கட்டியைக் கரைத்தாராம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கண்ணால் பார்த்ததை எழுத அது போதும்.

அந்த இமையில் சுண்டைக்காய் அளவுக்குப் புற்றுக்கட்டி. கண்ணுக்குள் இறங்கினால் கண் போகும். கண் போன மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான் என்று அவர், அதான் என் பெரியப்பா, முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாட்டு டாக்டரம்மா வந்து, செத்த கிருமிகளைக் கட்டிக்குள் ஊசியாகப் போட்டார்.

"செத்த கிருமி நோய் தராது அண்ணாச்சி. ஆனா உடம்பு அதைப் பாத்து, எதிரி வந்துட்டான்னு சண்டைக்கு ஓடிவரும். வந்த வேகத்துல கட்டியையும் சேத்து அடிக்கும். எல்லா மாட்டுக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. காய்ச்சல் வரும், அது நல்லதுதான். மூணு நாளைக்குக் குளிப்பாட்டக் கூடாது."

பெரியப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் ஒரு விதி கையில் வைத்திருப்பார்.

"ஏலே, ஒரு சாவுக்கே பதினாறு நாள் தீட்டு. இங்கன மாட்டுக்குள்ள கோடிச் சாவு விழுந்து கிடக்கு. குளிப்பாட்டாம விடலாமா?"

மறுநாள் காய்ச்சலோடு நின்ற மாட்டை ஆற்றுக்கு ஓட்டினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு போன மடையன் உங்க அப்பனாகிய நான்தான். தாமிரபரணியில் முங்கி எழுந்ததும் மாட்டுக்குச் சூடு தணிந்தது.

"பாத்தியாலே? தீட்டும் போச்சு, காய்ச்சலும் போச்சு!"

கட்டி மட்டும் போகவில்லை. அடுத்த வாரம் டாக்டரம்மா இமையைத் தூக்கிப் பார்த்தார். கட்டி கண் பக்கம் இன்னும் தள்ளியிருந்தது.

"குளிப்பாட்டினீங்களோ?"

நான் தரையைப் பார்த்தேன். பெரியப்பா தென்னை மரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடுதேன். இதுக்கும் கேக்கலன்னா கண்ணை எடுக்கதுதான் வழி."

மறுநாள் மாட்டுக்கு மறுபடியும் காய்ச்சல். பெரியப்பா குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வந்துவிட்டார். நான் தொழுவத்து வாசலில் குறுக்கே நின்றேன்.

"நகருலே."

"இன்னைக்கு வேண்டாம் பெரியப்பா."

"அந்தப் பொம்பள சொன்னா ஒனக்கு வேதமோ? நான் பாக்காத சர்க்காரா?"

"சர்க்காரைப் பாத்திருப்பிய. கிருமியைப் பாத்தியளா?"

குடத்தை நங்கென்று வைத்தார். "அப்போ தீட்டு முழுசும் ஒன் தலையிலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டி பைய வற்றி உதிர ஒரு மாதம் ஆனது. கண் பிழைத்தது, மாடும் பிழைத்தது.

ஆனால் அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவர் போனதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் பின்னால் போனேன். யாரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அத்தனை மஞ்சள் தண்ணீரையும் என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.