குடத்தோடு பதிந்த கால்தடம்

நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். உயிர்களின் எலும்பு, ஓடு மட்டுமல்ல, அவை நடந்த தடம் கல்லில் பதிந்திருந்தால் அதுவும் புதைபடிவம்தான் என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் நீலசந்திரா சந்து நினைவுக்கு வரும்.

தொண்ணூறுகளில் அங்கே சிமென்ட் போட்ட அன்று பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஈர சிமென்டிலேயே ஓடினாள். போன தடம் லேசாகவும், நிறைகுடத்தோடு திரும்பிய தடம் ஆழமாகவும் பதிந்தது. சந்தே திட்டியது.

அம்மா இறந்த மறுவருடம், பழைய சிமென்டின் மேலேயே புது கான்கிரீட் போட வந்தார்கள்.

"இந்த இடத்த மட்டும் விட்டுடுங்கண்ணா" என்றேன் மேஸ்திரியிடம்.

"அது பள்ளம்மா, விட்டா தண்ணி நிக்கும்."

"ஒரே கொசு, மூடட்டும் விடு" என்றார் எதிர்வீட்டு சல்மா அக்கா.

இரண்டும் நியாயம்தான். அது அம்மாவின் கால் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கலவை அந்தத் தடங்களுக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தடத்தில் நிரம்பி இறுகுவது பாதத்தின் வார்ப்பு. உடைத்தால்தான் தெரியும்.

குழாய் பதிக்கத் தெருவைத் தோண்ட வந்தால் எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் போய் எட்டிப் பார்க்கிறேன்.