சாய்த்து வைத்த சிலிண்டர்

சோலையப்பன் என்ற பெயரைக் கண்ணாத்தாள் முதன்முதலில் கேட்டது கீரமங்கலம் பூ மார்க்கெட்டில், அதுவும் வசவாகத்தான். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. விடிகாலையில் பறித்த மல்லிகையைக் கூடையோடு இறக்கிவிட்டுக் கடை வாசலில் நின்றிருந்தாள். "எங்கடா அந்தச் சோலையப்பன்? பூவு வாடி வதங்குனப்பறம் வண்டியக் கொண்டாந்து நிறுத்துவான், தொரை!" என்று கடைக்காரர் தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்.

சற்று நேரத்தில் ஒரு மினி வேன் வந்து நின்றது. இறங்கியவன் எல்லா ஏச்சையும் தலையில் வாங்கிக்கொண்டு பூ மூட்டைகளை ஏற்றினான். டயர் பஞ்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்காரர் அடங்கியிருப்பார். அவன் கையில் இருந்த கரியையும் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்து அவளாகத்தான் தெரிந்துகொண்டாள். இப்படியும் வாய் இல்லாமல் ஒரு ஆம்பளை இருப்பானா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் சொன்னபோது அவளுடைய ஆத்தா சிரித்துவிட்டாள். "அடியே, அது நம்ம பயதான். எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் மகன். ஒனக்கு மொறை" என்றாள். ஒரு சாவு வீட்டில் யார் முதலில் கோடித்துணி போடுவது என்று வந்த தகராறில் அந்தக் குடும்பம் அறந்தாங்கிப் பக்கம் போய்விட்டது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இருபது வருஷம். கல்யாணப் பேச்சுதான் அந்தப் பகையை முடித்தது. முன்னால் நின்று பேசியவன் கண்ணாத்தாளின் அண்ணன் ராசு. தங்கைக்காக அவர்கள் வீட்டுப் படியேறி, "நடந்தத மறந்துருவம் மாமா" என்று சொன்னவன் அவன். அதனால் அந்த வீட்டில் ராசுவின் பேச்சுக்கு எப்போதும் ஒரு தனி எடை இருந்தது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. இளமதி பிறந்தாள். அவள் சுவரைப் பிடித்து நிற்கப் பழகிய சமயத்தில் கஜா புயல் அடித்தது. கொல்லையில் ஒரு தென்னை மிச்சமில்லை. பூவுமில்லை, காயுமில்லை, ஏற்றிப்போக வண்டிக்குச் சரக்கும் இல்லை. சோலையப்பன் குவைத்துக்குப் போனான்.

அங்கே அவனுக்கு ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை. குளிர்காலம் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் பாலைவனத்தில் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அதற்கென்று ஒரு வீட்டு வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் உண்டு. வண்டியின் பின்பக்கம் சிலிண்டர். வெளிச்சுவரில் ஒரு கேஸ் குழாய் துருத்திக்கொண்டிருக்கும். பெட்டி மாதிரி மடக்குகிற சின்னக் கிரில் அடுப்பை அந்தக் குழாயில் மாட்டித் திறந்தால் நீலமாகச் சீறிக்கொண்டு எரியும். அதில் கறி சுட்டுக் கொடுப்பது சோலையப்பன் வேலை. வீடியோ காலில் அதைக் காட்டுவான். "அம்மா, யாரும்மா இந்த மாமா?" என்று இளமதி ஒருநாள் கேட்டாள். அவன் அடுப்பைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஏழாவது வருஷம் திரும்பி வந்துவிட்டான். முதலாளி வீட்டில் வேண்டாமென்று போட்ட அந்தக் கிரில் அடுப்பும் பெட்டியில் கட்டிக் கூடவே வந்தது. வந்த மறுநாள் கண்ணாத்தாளிடம், "இனிமே போக மாட்டேன் புள்ள. இங்கிட்டே ஒரு வழி பண்ணிக்கிறேன்" என்றான். அவ்வளவு நீளமாக அவன் பேசியதே அபூர்வம்.

வழி என்று அவன் நினைத்தது ஒரு வீட்டு வண்டி. பழைய வேன் ஒன்றை வாங்கிப் புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் விட்டான். உள்ளே இரண்டு கட்டில், மெத்தை, ஜன்னலுக்குத் திரை, ஓர் அடுப்பு. பின்பக்கம் இரும்புப் பெட்டியில் கடைகளுக்குத் தருகிற பெரிய சிலிண்டர். அதன் தலையில் ரெகுலேட்டர். அங்கிருந்து குழாய் உள்ளே அடுப்புக்கும், ஒரு கிளை வெளிச்சுவருக்கும். சித்தன்னவாசல் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, அப்படியே ஜெகதாப்பட்டினம் போய் மீன் வாங்கி, கடற்கரையில் சுட்டுக் கொடுத்து, மறுநாள் கொண்டுவந்து விடுவது. இதுதான் அவன் போட்ட கணக்கு. வண்டி ஓடினால் ஊரில் இருக்கலாம். ஓடாவிட்டால் மறுபடி விமானம். இது கண்ணாத்தாளுக்கும் தெரியும். அதனால்தான் வண்டிக்குப் பொட்டு வைத்தபோது ஒரு சக்கரத்தையும் விடாமல் வைத்தாள்.

அவர்கள் வழக்கத்தில் ஒரு கட்டு உண்டு. புது அடுப்பு எதுவானாலும் முதல் தீ குலசாமி முன்னால்தான். வீட்டில் ஒரு தீக்குச்சி கிழித்துப் பார்க்கக்கூடாது. இளமதிக்கும் அப்பா வந்த பிறகுதான் காதுகுத்து என்று நேர்த்திக்கடன் வைத்து, ஏழு வயதுவரை மூளிக் காதோடு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று ஐயனார் கோயிலுக்கு நாள் குறித்தார்கள். சொந்தக்காரர் அத்தனை பேரும் வருவார்கள், வண்டியையும் பார்த்த மாதிரி இருக்கும், நாலு பேர் நாலு ஊரில் சொல்வார்கள் என்று சோலையப்பன் நினைத்தான். பட்டறைக்காரர் மாட்டித் தந்த குழாயை ஒருமுறைகூட எரித்துப் பார்க்காமல் கோயிலுக்குக் கொண்டுபோனான்.

அன்று காலையில் வேனின் உள்ளடுப்பில் பால் பொங்கியது. நன்றாகத்தான் எரிந்தது. ராசு வெள்ளை வேட்டியில், கையெல்லாம் சந்தனத்தோடு மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். தாய்மாமன் சீராகத் தோடும் பட்டுப்பாவாடையும் அவன் கொண்டுவந்தது. ஊசி இறங்கியதும் இளமதி வீறிட்டு மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் கை நீட்டி நின்ற அப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிடா வெட்டியாயிற்று. விறகடுப்பில் குழம்பு ஒருபக்கம் கொதித்தது. சோலையப்பன் வேனின் பக்கவாட்டில் துணிப் பந்தலை இழுத்துக் கட்டி, அதன் கீழே கிரில்லைக் கால் விரித்து வைத்தான். மசாலா தடவிய கறித்துண்டுகளைக் கம்பிமேல் அடுக்கினான். ஊரே சுற்றி நின்றது. குழாயைத் திறந்து பற்றவைத்தான்.

தீ வரத்தான் செய்தது. அகல் விளக்குத் திரி மாதிரி, வந்தும் வராமலும்.

அவன் குனிந்து பார்த்தான். குமிழை முழுக்கத் திருகினான். கழற்றினான், ஊதினான், மறுபடி மாட்டினான். அப்போதும் அதே திரிதான். அரைமணி நேரமாகியும் கறி வேர்த்துக்கொண்டு கிடந்ததே தவிர நிறம் மாறவில்லை.

"என்ன மாப்ள, கறிய உப்புக்கண்டம் போடக் காயவச்சிருக்கீங்களா?" என்றான் ஒருவன்.

"அடுப்பு அரபிலதான் எரியுமோ என்னமோ. ரெண்டு வார்த்தை அரபில சொல்லிப் பாருங்கப்பா" என்றாள் ஒரு கிழவி. எல்லாரும் சிரித்தார்கள்.

சோலையப்பனும் சிரித்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. ராசுவுக்குப் பொறுக்கவில்லை. தங்கை வீட்டுக்காரனைச் சொந்தக்காரர்கள் கேலி பேசுவதை மச்சான் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? முன்னால் வந்தான்.

"சிலிண்டரு தீரப்போவுது மாப்ள. வேற ஒண்ணுமில்ல."

உள்ளே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த கண்ணாத்தாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "நேத்து வந்த சிலிண்டருண்ணே. உள்ள நல்லாத்தானே எரியுது!"

"உள்ள கிட்டத்துல இருக்கு, எரியுது. அங்கிட்டு வரைக்கும் தள்ள அதுக்கு மூச்சு வேணாமா? தங்கச்சி, நீ அப்பளத்தப் பாரு, கருகப்போவுது" என்றான் ராசு. மறுபடி சிரிப்பு. "சாச்சு வச்சா அடில கெடக்குறது மேல வரும். எங்க வீட்டுல அப்புடித்தான் இன்னும் நாலு நாளைக்கு ஓட்டுவா ஒங்க அக்கா."

அந்தப் பக்கத்தில் அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தீ இறங்கினால் சிலிண்டரை ஆட்டுவார்கள், வெந்நீரில் நிற்கவைப்பார்கள், படுக்கவைத்து எரிப்பார்கள். தீருகிற சிலிண்டரில் அடியில் பெரிதாக ஒன்றும் கிடக்காது. அதனால் ஏதோ தப்பித்துக்கொள்வார்கள். இது நிறைந்த சிலிண்டர். உள்ளே கேஸ் தண்ணீராகத் தளும்பி நின்றது; சாய்த்தால் அந்தத் தண்ணீரே குழாய்க்குள் இறங்கிவிடும்.

"வேணாம் மச்சான்…" என்றான் சோலையப்பன்.

பாதியில் நிறுத்திவிட்டான். ஏன் வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. குவைத்தில் யாரும் சாய்த்ததில்லை, அவ்வளவுதான் தெரியும். அன்றைக்குத் தாய்மாமன் சொல்லை மறித்துப் பேசுவது மகளின் சீரைத் திருப்பிக் கொடுப்பதுபோல ஆகிவிடும். இருபது வருஷப் பகையை ஓய்த்தவனை நாலு பேர் முன்னால் என்ன சொல்லி நிறுத்துவது?

"ஒரு கை புடிங்க மாப்ள" என்றான் ராசு.

சோலையப்பன் ஒரு கை பிடித்தான். எரிந்துகொண்டிருந்தபடியே சிலிண்டரை இரண்டு பேருமாகப் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள். ராசு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

கண்ணாத்தாள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது உள்ளடுப்புத் தீயின் நிறம்தான். நீலம் போய் மஞ்சளாகி, சட்டியைச் சுற்றி அவள் முகத்துக்கு ஏறியது. எண்ணெய் பற்றிக்கொண்டது, திரை பற்றிக்கொண்டது. "ஐயனாரே!" என்று கத்திக்கொண்டு அவள் வெளியே குதித்தாள். குதித்தவள் வெளியேயும் அதையே பார்த்தாள். கிரில் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குத் தீ நின்றது. கறிக்கொழுப்பு சடசடத்தது. மேலே துணிப்பந்தல் கண்மூடித் திறப்பதற்குள் இல்லாமல் போனது.

ஜனம் சிதறி ஓடியது. சோலையப்பன் மட்டும் பின்பக்கம் ஓடினான். சிலிண்டரைத் தூக்கி நிறுத்தித் தலையில் உள்ள வால்வை மூடினால்தான் தீ அடங்கும். அந்த நேரத்துக்கு ரப்பர் குழாய் உருகி அங்கேயும் எரிய ஆரம்பித்திருந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தூக்கி நிறுத்தினான். வலது கையால் திருகி மூடினான். மூடிய பிறகும் கையை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. ராசுதான் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

உயிர்ச்சேதம் இல்லை. வேனின் மெத்தையும் கட்டிலும் கூரையும் கோயில் வாசலிலேயே வெந்து முடிந்தன. கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றியவர்கள், ஊற்றிக்கொண்டே, "சாமிக்கு அந்த அடுப்பு புடிக்கல" என்று பேசிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு கொத்தமங்கலம் வரைக்கும் போய்விட்டது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சோலையப்பன் பல நாள் கிடந்தான். இரண்டு கையிலும் கட்டு. ராசு பிரெட்டும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு தினம் வந்தான். டாக்டரிடம் பேசினான், மாத்திரை வாங்கினான், வராந்தாவில் படுத்தான். சிலிண்டரைச் சாய்த்ததைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. கண்ணாத்தாள் அவன் போன பிறகு ஆரம்பித்தால், "விடு புள்ள" என்பான் சோலையப்பன்.

ஒரே ஒரு நல்லது நடந்தது. அப்பாவால் கையால் எடுத்துச் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் இளமதி இட்லியைப் பிட்டு ஊட்டத் தொடங்கினாள். "இன்னும் கொஞ்சம் வாயத் தொறங்கப்பா. கோழிக்குஞ்சு மாதிரி தொறக்குறீங்க" என்று அதட்டினாள். அவளாக அவனை அப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான். அவன் மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கீரமங்கலத்தில் அடுப்பு ரிப்பேர் பார்க்கிற செம்மல் ஒருநாள் வந்து கருகிக் கிடந்த சாமான்களைப் புரட்டிப் பார்த்தான். கிரில்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த உருண்டையைக் காட்டினான்.

"இதுலயும் ஒரு ரெகுலேட்டரு இருக்குல்லண்ணே. வண்டில ஒண்ணு கேஸைக் கொறைக்குது. கொறைச்சதை இது இன்னொரு தடவ கொறைக்குது. அப்பறம் எங்கிட்டு எரியும்? அங்க குவைத்து வண்டில வெளிக் குழாயி ரெகுலேட்டருக்கு முன்னாடியே பிரிஞ்சிருக்கும். நீங்க பாக்கலயா?"

"அதெல்லாம் மாட்டுனது வேற ஆளுப்பா. நான் தொறப்பேன், மூடுவேன்" என்றான் சோலையப்பன்.

செம்மல் போன பிறகு சோலையப்பன் அந்த உருண்டையைக் கழற்றிப் பார்த்தான்; விரல்கள் வளையவில்லை. வலது கையில் மூன்று விரல் உள்ளங்கையோடு ஒட்டி நின்றுவிட்டன. இடது கையால் கியர் போடலாம், வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. உள்ளூரில் அவனுக்கு டிரைவர் வேலை தர ஆளில்லை. அந்த வேனைக் கூப்பிடவும் ஆளில்லை. சொந்தக்காரர்கள் விசேஷத்துக்குச் சொல்லும்போதே, "அடுப்பு கிடுப்பு ஒண்ணும் வேணாம், ஆளு வந்தாப் போதும்" என்றார்கள். எலும்புக்கூடாகக் கிடந்த வேனை இரும்புக்கடைக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

விசா வாங்கித் தந்ததும் ராசுதான். ஓமானில் அவனுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வாட்ச்மேன் வேலை. "கைக்கு வேலையே இல்ல மாப்ள. ஒக்காந்து கேட்டைப் பாத்துக்க வேண்டியதுதான்" என்றான். அன்றைக்குத்தான் கண்ணாத்தாளால் அடக்க முடியவில்லை.

"நீ அன்னைக்குச் சாய்க்காம இருந்திருந்தா அவரு எதுக்குண்ணே போவணும்?"

ராசுவின் முகம் செத்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "நான் தனியாவா சாச்சேன் தங்கச்சி? அவரும் ஒரு கை புடிச்சாருல்ல?"

சோலையப்பன்தான் சொன்னான், "ஆமா மச்சான், புடிச்சேன்." சொல்லிவிட்டு, "காப்பி போடு புள்ள" என்றான்.

திருச்சி விமான நிலையத்தில் இளமதி அவன் சட்டையை விடவில்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அவள்தான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "அங்கிட்டு யாருப்பா ஊட்டுவா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அவன் மடங்காத இரண்டு விரலால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு உள்ளே போனான்.

சோலையப்பன் இப்போது ஓமானில், சோகார் பக்கத்தில் ஒரு தொழிலாளர் முகாமில் வாயில் காவலாளியாக இருக்கிறான்.