சரோஜா மேடம் மகான் அல்லர்

செவ்வாய்க்கிழமை காலை மேடத்தின் மகள் கலைச்செல்வி அழைத்தாள். "சார், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே." மாலைக்குள் கைபேசிகளில் மேடத்தின் படம் சுற்றத் தொடங்கியது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே, 'ஞான அன்னை சோதியில் கலந்தார்.' செங்கம் சாலையில் அவர் நடத்திய விடுதியில் தங்கியவர்கள் அன்பினால் செய்தது அது. ஆயினும், வங்கியில் பல ஆண்டுகள் அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன்.

விருப்ப ஓய்வு பெற்று அவர் விடுதி தொடங்கியதும், வாழ்வின் பொருளைத் தேடி இந்த மலையடிவார ஊருக்கு வருகிறவர்கள் அவரிடம் வழி கேட்டார்கள். ஒருவர் காலில் விழுந்தார். மேடம் துள்ளி விலகினார். "எனக்குக் கூசுதுங்க. அர்த்தம் எல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன். ரூமைக் காலி பண்றப்ப பக்கெட்டைக் கழுவி வெச்சுட்டுப் போங்க, அதுவே ஜாஸ்தி."

சென்னைப் பொறியாளர் ஒருவர் கழுத்தில் 'மௌனம்' என்ற அட்டையோடு அங்கே தங்கியிருந்தார். அவருடைய தாயார் தினமும் விடுதிக்கு அழைத்து அழுவார். ஒருநாள் மேடம் கைபேசியை மகனிடம் நீட்டினார். விரதம் ஏற்றவரைக் கட்டாயப்படுத்துவது முறையன்று என்றேன், அன்று அங்கே போயிருந்த நான்.

"உங்க முறையை நீங்களே வெச்சுக்கோங்க சார். தம்பி, மலை எங்கயும் போயிடாது. அம்மாகிட்ட பேசிட்டு வந்து சும்மா இருங்க."

அவர் பேசினார்; நெடுநேரம் பேசினார். விதி என்ற அளவில் நான் சொன்னது சரியே. அன்று தேவைப்பட்டது மேடம் செய்தது.

கருமாதி அன்று சிலர் கலைச்செல்வியைச் சூழ்ந்துகொண்டார்கள். மேடத்தின் மாடி அறையைத் தியான அறையாக்கி, படம் வைத்து விளக்கேற்ற வேண்டுமாம். அவள் தயங்கி என்னைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லும்மா," என்றேன்.

"அதைச் சொல்ல நீங்க யாருங்க?" என்றார் ஒருவர்.

"தினமும் அவங்களோட சண்டை போட்டவன்."

கலைச்செல்வி சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னாள்: "கும்பிடறதுக்கு ஊர்ல அவ்ளோ பெரிய கோயில் இருக்குங்க. இது எங்கம்மா ரூம்."

அந்த அறையில் இப்போது, செவிலியர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் இருவர் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்கள் சிரிக்கும் சத்தம் தெருவரை கேட்கிறது.

மேடத்தை அறிந்தவர்களே, அவருடைய ஞானத்தை நீங்கள் விரும்பியபடி பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிடிவாதத்தை மட்டும் தர மாட்டேன். அது என்னிடம் இருக்கட்டும்.