கெளுத்தி முள்ளும் விளக்கு விபூதியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம் நான் பழவேற்காட்டுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, இருமலை விட்டுவர. வண்ணாரப்பேட்டையில் ஜன்னல் இல்லாத பட்டறை ஒன்றில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில், அதாவது உள்ளே சூடேறி ஒளிவிடும் வலைத்துணி, செய்துகொண்டிருந்தேன். தோரியமும் சீரியமும் கலந்த உப்புக் கரைசலில் துணியை முக்கிக் காயவைக்கும் வேலை. இரண்டும் கடல் மணலிலிருந்து பிரிப்பவை. தோரியத்துக்குக் கதிர்வீச்சும் உண்டென்று பிறகுதான் தெரிந்தது. அந்தத் தூள் எங்கள் இட்லி மேல்கூடப் படியும். வெறும் தூசி என்றார் முதலாளி. அவர் மூக்கில் ஏறினால்தானே.

பாரிமுனையில் காலை ஆறரைக்கு பஸ். பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாக அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை மணி நேரம், நான்கு ரூபாய். என் இருமலைக் கேட்டு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர் நன்றாக இருக்கட்டும்.

பட்டறையில் என்னோடு வேலை செய்தவளின் அக்கா அஞ்சலை, பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பத்தில் இருந்தாள். அவள் வீட்டில்தான் தங்கினேன். நான் யாரோ எவரோ. ஆனாலும் காலையில் கஞ்சி, மதியம் இறால் குழம்பு. சில நாட்களிலேயே மூச்சை இழுத்துவிட முடிந்தது.

ஒரு சாயங்காலம் வலையிலிருந்து மீன் எடுக்கும்போது அஞ்சலையின் கணவருக்கு உள்ளங்கையில் கெளுத்தி முள் குத்திவிட்டது. அவர் நேரே வீட்டுப் பெட்ரோமாக்ஸ் விளக்கடிக்குப் போய், எரிந்து உதிர்ந்த மேண்டிலின் வெள்ளைச் சாம்பலை அள்ளினார். அந்த வீட்டில் அதற்கு 'விளக்கு விபூதி' என்று பேர். முள் குத்தினால் வைத்து அழுத்துவார்களாம். பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, எங்க நைனா காலத்துலேர்ந்து வெக்கிறதுதானே?"

"வேணாண்ணா, இது சாணி விபூதி இல்ல. நாங்க முக்குற மருந்தோட சாம்பல். புண்ணுல வெக்காதீங்க."

அஞ்சலை வெந்நீர் கொண்டுவந்தாள். பொறுக்கும் சூட்டில் கையை முக்கி வைத்ததும் வலி குறைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவரு கைய நீ புடிச்ச. பொழுதினிக்கும் அந்த மருந்துலயே கெடக்குறியே, உன் கைய யாரு புடிப்பாங்கனு இருக்கிற?"

அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: மார்கழி, தை நல்ல காலம், பூநாரைகள் வந்திருக்கும். பழைய மேண்டில் விளக்கு எங்காவது கையில் கிடைத்தால் சாம்பலை வாயால் ஊதாதீர்கள். மேண்டிலை வெளியே வைத்து மாற்றுங்கள். கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

இன்று நான் மூச்சு வாங்காமல் மாடி ஏறுவது அஞ்சலையால்தான் என்று நம்புகிறேன். ஊர் திரும்பியதும், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லப் பட்டறைக்குப் போனேன். எனக்கு முன்னால் அஞ்சலையே வந்து வாசலில் நின்றிருந்தாள், வீட்டுக்குக் கூட்டிப்போகத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு.